எஸ்கிமோவுக்கு மாரடைப்பே வராதாமே? மீன் எண்ணெய் டப்பாவில் தொடங்கிய சந்தேகம்

#1 தாமிரபரணி

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் ஒரு சின்னப் பஞ்சாயத்து. அப்பாவுக்கு 68 வயது. போன வாரம் லிப்பிட் புரொஃபைல் (ரத்தக் கொழுப்புச் சோதனை) எடுத்தோம். மொத்தக் கொலஸ்டிரால் 212, கெட்ட கொலஸ்டிரால் என்கிற எல்டிஎல் 138, நல்ல கொலஸ்டிரால் என்கிற எச்டிஎல் 34, ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு 201. டாக்டர் கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அப்பா மருந்துக்கடைக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் ஸ்டாட்டின் இல்லை, மீன் எண்ணெய் மாத்திரை டப்பா இருந்தது. அடுத்த தெரு மாமா சொன்னாராம்.

டப்பாவோடு ஒரு துண்டுத்தாள். எஸ்கிமோக்கள் வாழ்நாள் முழுக்கக் கொழுப்பையே சாப்பிடுகிறார்களாம், ஆனாலும் அவர்களுக்கு மாரடைப்பு என்றால் என்னவென்றே தெரியாதாம், எல்லாம் மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3 என்ற கொழுப்பு செய்கிற வேலையாம். அப்பா இதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு இரண்டு கேள்வி. இந்தக் கதை எங்கிருந்து வந்தது? உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், தலைமுறை தலைமுறையாகப் பனிக்கட்டியில் வாழ்ந்தவர்கள் உடம்புக்கு ஒத்துப்போனது திருநெல்வேலிக்காரர் உடம்புக்கும் ஒத்துப்போகுமா? எந்த மருந்து சாப்பிடலாம் என்று கேட்கவில்லை, அதை டாக்டரிடமே கேட்டுக்கொள்கிறேன்.

#2 லேப் முருகையா

தம்பி, 31 வருஷம் ரத்தம் எடுத்தே ரிட்டயர் ஆனவன் நான். டப்பாவோட முன்பக்கத்த விடுங்க, பின்பக்கத்தப் பாருங்க. முன்னாடி "1000 மில்லிகிராம்"னு கொட்டை எழுத்துல இருக்கும். பின்னாடி பொடி எழுத்துல இபிஏ 180, டிஎச்ஏ 120ன்னு இருக்கும், ரெண்டும் மீன்ல வர்ற ஒமேகா-3 வகைங்க. சாதாரண மாத்திரை எல்லாம் பெரும்பாலும் இந்தக் கணக்குதான். அதாவது ஒமேகா-3 வெறும் 300, மிச்சம் சும்மா எண்ணெய். ட்ரைகிளிசரைடு இறங்கணும்னா நாளைக்கு 2 முதல் 4 கிராம் ஒமேகா-3 வேணும். கணக்குப் போட்டா டப்பா ஒரு வாரம் கூட வராது.

அப்புறம் எச்டிஎல் 34. நம்மூர் ஆம்பளைங்களுக்கு இது தினசரி பாக்குற நம்பர். எங்க லேப்ல யாருக்காவது எச்டிஎல் 60 வந்தா "மெஷின் சரியா இருக்கா"ன்னு ரெண்டாவது தடவை ஓட்டிப் பாப்போம்.

எஸ்கிமோ கதை எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#3 கொழுப்பே துணை

இதில் சந்தேகமே வேண்டாம் நண்பா. நான் நாலு வருஷமாகப் பேலியோ, அதாவது மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிச் சாப்பிடும் முறை. எஸ்கிமோ என்கிறார்களே, அந்த இனுயிட் மக்கள்தான் எங்களுக்கு முன்மாதிரி. மாவுச்சத்து கிட்டத்தட்ட பூஜ்யம், சீல் கொழுப்பு, திமிங்கிலக் கொழுப்பு, எப்போதும் கீட்டோசிஸ், அதாவது உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன் என்ற எரிபொருளில் ஓடும் நிலை. இதயம் இரும்பு மாதிரி. அரிசியும் சர்க்கரையும்தான் எதிரி. அப்பாவின் ட்ரைகிளிசரைடு 201 எதைக் காட்டுகிறது? இட்லியைத்தான்.

#4 ஆல்போர் அண்ணை

வணக்கம். நான் டென்மார்க்கில, ஆல்போர் எண்ட நகரத்தில முப்பத்தி நாலு வருசமா இருக்கிறன். இந்தக் கதை பிறந்ததே எங்கட ஊரிலதான் எண்டால் நம்புவியளோ?

ஆல்போர் ஆஸ்பத்திரியில வேலை செய்த பாங், டையர்பெர்க் எண்ட ரெண்டு டொக்டர்மார் 1970-இல கிரீன்லாந்துக்குப் போனவை. வடமேற்குக் கரையில உம்மன்னாக் எண்ட இடம். நாய் பூட்டின சறுக்கு வண்டியில போய் 130 பேரிட்ட ரத்தம் எடுத்துக்கொண்டு வந்து இஞ்ச சோதிச்சவை. டேன்காரரோட ஒப்பிட்டால் அந்தச் சனத்துக்குக் கொலஸ்டிராலும் ட்ரைகிளிசரைடும் குறைவு. அடுத்த வருசமே லான்செட் எண்ட மருத்துவ இதழில கட்டுரை வந்தது. பிறகு சீல், திமிங்கிலம், மீன் எல்லாத்திலயும் இருக்கிற ஒமேகா-3 தான் காரணம் எண்டு எழுதிச்சினம். இண்டைக்கு உலகம் முழுக்க விக்கிற மீன் எண்ணெய் மாத்திரை எல்லாம் அந்தப் பயணத்திலதான் துவங்கினது.

இன்னொண்டு. "எஸ்கிமோ" எண்டு இஞ்ச இப்ப ஒருத்தரும் சொல்லுறேல்லை. அந்தச் சனத்துக்கு அது பிடிக்காது. இனுயிட் எண்டு சொல்லுங்கோ, கிரீன்லாந்துக்காரர் தங்களைக் கலால்லிட் எண்டு சொல்லுவினம். கிரீன்லாந்துக்குச் சரக்குக் கப்பல் போறது ஆல்போர் துறைமுகத்தில இருந்துதான், அதால அவையளோட எனக்குப் பழக்கம் கன காலம். என்னோட வேலை செய்த ஒரு கிரீன்லாந்து மனுசனுக்கு ஐம்பத்தியொரு வயதில நெஞ்சில பைபாஸ் செய்தது. துண்டுத்தாள் எழுதினவை அந்த மனுசனைப் பாக்கேல்லைப் போல.

#5 மைக்ரோபிப்பெட்

அண்ணையின் பதிவைப் படித்ததும் உட்கார்ந்துவிட்டேன். மரபியலில்தான் வேலை செய்கிறேன், இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடித்த கதை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாங்கும் டையர்பெர்க்கும் மோசமான விஞ்ஞானிகள் இல்லை. டென்மார்க்கில் குடியேறி வாழ்ந்த கிரீன்லாந்துக்காரர்களின் ரத்தத்தையும் ஒப்பிட்டார்கள். அவர்களுடைய அளவுகள் கிட்டத்தட்ட டேன்காரர்களைப் போலவே இருந்தன. அதே மக்கள், ஊர் மாறினால் எண் மாறுகிறது, ஆகவே காரணம் சாப்பாடு என்று முடிவு செய்தார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் அதில் இரண்டு ஓட்டை.

முதல் ஓட்டை: அவர்கள் ரத்தத்தைத்தான் அளந்தார்கள், இதய நோயை அளக்கவில்லை. நோய் அரிது என்பதை அரசு மரணப் பதிவுகளை நம்பி எழுதினார்கள். பனிக்காலத்தில் ஒரு குக்கிராமத்தில் ஒருவர் இறந்தால் காரணம் எழுத அங்கே டாக்டர் இருந்திருப்பாரா? 2014-இல் ஒட்டாவாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபோடர் குழுவினர் பழைய பதிவுகளையெல்லாம் கிளறினார்கள். இனுயிட் மக்களுக்கு இதயத் தமனி நோய் மற்றவர்களைப் போலவே இருந்திருக்கிறது, பக்கவாதச் சாவு கூடுதலாகவே இருந்திருக்கிறது என்று எழுதினார்கள். 2019-இல் 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இனுயிட் பதனுடல்களை (மம்மிகளை) சிடி ஸ்கேன் செய்து பார்த்தபோது அவர்களில் சிலருடைய தமனிகளிலும் சுண்ணாம்புப் படிவு தெரிந்தது. சிப்ஸ் பாக்கெட்டைக் கண்ணால் பார்த்திராத ஆட்கள்!

இரண்டாவது ஓட்டைதான் நம் இழைக்கு முக்கியம். "சாப்பாடா, ஜீனா" என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே நேரத்தில், எதிரெதிர்த் திசையில் இழுக்கலாம் என்பதைப் பார்க்கும் கருவி 1970-இல் இல்லை. நாளை எழுதுகிறேன், சென்ட்ரிஃபியூஜ் கூப்பிடுகிறது.

#6 கொழுப்பே துணை

ஃபோடர் கட்டுரையைப் பேலியோ எதிர்ப்பாளர்கள் எல்லோரும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். 1970-க்குப் பிறகு சர்க்கரையும் மைதாவும் போய்ச் சேர்ந்த பிறகுதான் நோய் வந்தது. பழைய இனுயிட் கீட்டோசிஸில் இருந்தான், ஆரோக்கியமாக இருந்தான். இதை யாரும் மறுக்க முடியாது.

#7 மைக்ரோபிப்பெட்

மறுக்கிறேன்! கோபம் வேண்டாம், இது உங்களுக்கே சுவாரசியமாக இருக்கும்.

1928-இலேயே ஹைன்பெக்கர் என்பவர் பாஃபின் தீவில் இனுயிட் மக்களைச் சோதித்திருக்கிறார். அவர்களுடைய வழக்கமான கொழுப்புச் சாப்பாட்டில் இருக்கும்போது கீட்டோன் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. ஏன் என்று அவருக்கு முழுதாகத் தெரிய வழியில்லை. இப்போது ஒரு காரணம் தெரிகிறது. சிபிடி1ஏ என்று ஒரு நொதி. செல்லுக்குள் கொழுப்பு அமிலத்தை மைட்டோகாண்ட்ரியா என்கிற அடுப்படிக்குள் அனுமதிக்கும் வாசல்காவலாளி. அந்த நொதியின் 479-ஆம் இடத்தில் புரோலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் லியூசின் வருகிற மாற்றம் ஒன்று வடதுருவ ஓர மக்களிடம், அதாவது கிரீன்லாந்து, வட கனடா, அலாஸ்கா, வடகிழக்கு சைபீரியா ஆகிய இடங்களில் மிகப் பரவலாக இருக்கிறது. வேறெங்கும் கிட்டத்தட்ட இல்லை. அந்த வகைக் காவலாளி வாசலை மெதுவாகத்தான் திறக்கிறான். அதனால் கீட்டோன் உற்பத்தி குறைவு. நீங்கள் முன்மாதிரியாக வைத்திருக்கும் மக்களுக்குக் கீட்டோசிஸ் எளிதில் வராதபடிதான் உடம்பு அமைந்திருக்கிறது.

இதே மாற்றம் ரத்தக் கொழுப்பையும் தொடுகிறது. 2009-இல் கிரீன்லாந்து இனுயிட் மக்களிடம் பார்த்தபோது, இது உள்ளவர்களுக்கு எச்டிஎல்லும் அதன் முக்கியப் புரதமும் கூடுதலாக இருந்தன. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் கைக்குழந்தைக்கு இது ஆபத்து. காய்ச்சலில் பால் குடிக்காமல் நெடுநேரம் கிடந்தால் சர்க்கரை சடாரென்று இறங்கிவிடும், ஈடுகட்டக் கீட்டோனும் வராது. இவ்வளவு கெடுதல் உள்ள ஒரு மாற்றம் எப்படி இத்தனை பேரிடம் பரவியது? 2014-இல் வந்த ஆய்வு, அந்தச் சூழலில் இயற்கைத் தேர்வே இதைத் தூக்கிவிட்டது என்று காட்டியது. கொழுப்பும் குளிருமான வாழ்க்கையில் இது எதற்கோ உதவியிருக்கிறது.

#8 கொழுப்பே துணை

சரி, இதை நான் கேள்விப்பட்டதில்லை. படித்துவிட்டு வருகிறேன். ஆனால் இட்லி விஷயத்தில் என் நிலைப்பாட்டில் மாற்றம் இல்லை.

#9 தாமிரபரணி

சண்டை போடாமல் பதில் சொன்னதற்கு நன்றி அக்கா. அப்படியானால் ஒமேகா-3 விஷயமும் இப்படித்தானா? அவர்கள் உடம்பே வேறு மாதிரியா?

#10 மைக்ரோபிப்பெட்

அங்கேதான் வருகிறேன். 2015 செப்டம்பரில் சயின்ஸ் இதழில் ஒரு கட்டுரை. கிரீன்லாந்துக்காரர்கள் 191 பேருடைய மரபணுவைப் பார்த்தார்கள். ஐரோப்பியக் கலப்பு கிட்டத்தட்ட இல்லாத ஆட்களாகத் தேடி எடுத்தது. இயற்கைத் தேர்வின் தடம் மிக அழுத்தமாக விழுந்திருந்த இடங்களில் ஒன்று எஃப்ஏடிஎஸ் ஜீன்கள் இருக்கும் பகுதி.

நம் உடம்புக்கு ஆளி விதை, கடுகு எண்ணெய் போன்றவற்றிலிருந்து குட்டையான ஒமேகா-3 கிடைக்கிறது. அதை நீட்டி, மீனில் இருக்கும் நீளமான வகையாக மாற்றும் நொதிகளைச் செய்பவை இந்த ஜீன்கள். இனுயிட் மக்களிடம் உள்ள வகை இந்த நீட்டும் வேலையை மந்தமாக்குகிறது. சாப்பாட்டிலேயே நீளமான சரக்கு கொட்டிக் கிடக்கும்போது வீட்டில் எதற்குத் தறி ஓட்ட வேண்டும்? அந்த வகை இனுயிட் மக்களில் கிட்டத்தட்ட எல்லோரிடமும் இருக்கிறது. ஐரோப்பியர்களில் 2 சதவீதம், சீனர்களில் 15 சதவீதம்தான். அது எல்டிஎல், இன்சுலின் அளவுகளையும், உயரத்தையும், எடையையும் கூடத் தொடுகிறது. உயரத்தில் சராசரியாக 2 சென்டிமீட்டர் குறைகிறது என்று எழுதினார்கள்.

ஆக டையர்பெர்க் கொண்டுவந்த ரத்தக் குழாய்களில் இருந்தது சீல் கொழுப்பின் விளைவு மட்டுமல்ல. பல்லாயிரம் வருஷமாகச் சீல் கொழுப்புக்குப் பழகின உடம்பில் ஏற்பட்ட விளைவு. அதே எண்ணெயை வேறு உடம்பில் ஊற்றினால் அதே எண் வரும் என்று யார் சொன்னது?

வேறு உடம்புகளில் ஊற்றியும் பார்த்தாயிற்று. அமெரிக்காவில் 25,871 பேரை வைத்து நடந்த வைட்டல் ஆய்வு 2018-இல் வெளிவந்தது. தினம் 1 கிராம் மீன் எண்ணெய் பெரிய இதய நிகழ்வுகளைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை. அதே வருஷம், ட்ரைகிளிசரைடு கூடுதலாக உள்ள, ஏற்கெனவே ஸ்டாட்டின் எடுக்கும் 8,179 பேருக்குச் சுத்திகரித்த இபிஏ மட்டும் 4 கிராம் கொடுத்த ஆய்வில் 25 சதவீதம் குறைந்தது. ஆனால் எதிர்த்தரப்புக்குக் கொடுத்த போலி மாத்திரையில் கனிம எண்ணெய் இருந்தது, அதனால் வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறதோ என்ற தகராறு இன்றைக்கும் ஓடுகிறது. 2020-இல் இபிஏ, டிஎச்ஏ இரண்டும் கலந்து 4 கிராம் கொடுத்த இன்னொரு ஆய்வு பலனில்லை என்று பாதியில் நின்றது. இதில் எதுவும் கடைத்தெரு டப்பாவைப் பற்றியது அல்ல.

#11 அரைகுறை

வாசித்துக்கொண்டே வந்தேன். ஒன்று உறுத்துகிறது. "இனுயிட் உடம்பு வேறு, நம் உடம்பு வேறு" என்பதெல்லாம் நூறு வருஷத்துக்கு முன்னால் மண்டை ஓட்டை அளந்தவர்கள் பேசின பேச்சு இல்லையா? இப்போது கொலஸ்டிராலை அளக்கிறோம், அவ்வளவுதானே?

1962-இல் ஜேம்ஸ் நீல் என்பவர் "சிக்கன ஜீன்" என்று ஒரு கருத்தைக் கிளப்பினார். பஞ்சகாலத்துக்குப் பழகிய உடம்பு வளமான காலத்தில் நீரிழிவில் விழும் என்று. அதைப் பிறகு அரிசோனாவின் பீமா பழங்குடிகள் மேல் ஒட்டினார்கள், "பாவம், அவர்கள் ஜீன் அப்படி" என்று. ஆனால் எல்லைக்கு அந்தப்பக்கம் மெக்சிகோ மலையில் வாழும் பீமாக்களைப் பார்த்தபோது நீரிழிவு 6.9 சதவீதம். அமெரிக்கப் பீமாக்களுக்கு 38. ஒரே ரத்தம்! வித்தியாசம் எங்கே வந்தது? வெள்ளைக்காரக் குடியேறிகள் 19-ஆம் நூற்றாண்டில் ஹீலா ஆற்றுத் தண்ணீரை மேலேயே திருப்பிக்கொண்டார்கள். விவசாயம் செத்தது. அரசாங்கம் ரேஷனில் மைதாவும் பன்றிக் கொழுப்பும் கொடுத்தது. தண்ணீரைத் திருடியவனை விட்டுவிட்டு ஜீனைக் குற்றம் சொன்னால் எப்படி?

காவிரிப் பாசனத்து ஆட்களுக்கு இதைவிட விளக்கமாகச் சொல்ல வேண்டாம்.

#12 மைக்ரோபிப்பெட்

உங்கள் கோபத்தில் பாதிக்கு மேல் எனக்கும் உண்டு. பீமா விஷயத்தில் நீங்கள் சொன்னது அப்படியே சரி.

ஆனால் ஒரு மக்கள் முழுவதற்கும் ஒரே முத்திரை குத்துவது வேறு, அவர்களுக்குள்ளே யாரிடம் எந்த மாற்றம் இருக்கிறது என்று பார்ப்பது வேறு. இதற்கும் கிரீன்லாந்தே உதாரணம். எல்டிஎல் ரிசெப்டர் கேள்விப்பட்டிருப்பீர்கள். கல்லீரல் செல்லின் மேல் நின்று ரத்தத்தில் போகும் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் கொக்கி. அதைக் கண்டறிந்ததற்குத்தான் பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் 1985-இல் நோபல் வாங்கினார்கள். 2015-இல் கனடா ஆய்வாளர்கள் அலாஸ்கா, கனடா, கிரீன்லாந்து இனுயிட் மக்களிடம் இந்தக் கொக்கியில் ஒரு மாற்றத்தைக் கண்டார்கள். சோதனைக் குழாயில் அந்தக் கொக்கியின் பிடிப்பு 60 சதவீதம் குறைந்தது. ஒரு நகல் இருந்தாலே எல்டிஎல் சராசரியாக 0.54 மில்லிமோல் கூடியது. 2022-இல் கிரீன்லாந்தில் விரிவாகப் பார்த்தபோது, 30 சதவீதம் பேர் இதைச் சுமக்கிறார்கள், அவர்களுக்கு இதயத் தமனி நோய் ஆபத்தும் கூடுதல் என்று தெரிந்தது. (ஒரு கட்டுரையில் 116-ஆம் இடம் என்றும் இன்னொன்றில் 137 என்றும் இருக்கும், குழம்ப வேண்டாம். புரதத்தின் தலைப்பக்கம் வெட்டி எறியப்படும் 21 அமினோ அமிலங்களைச் சேர்த்து எண்ணுவதா வேண்டாமா என்பதுதான் வித்தியாசம். நான் ஒரு நாள் முழுக்கக் குழம்பியிருக்கிறேன்.)

யோசித்துப் பாருங்கள். உலகத்துக்கே "மாரடைப்பு வராத மக்கள்" என்று விளம்பரப்படுத்தப்பட்டவர்களில் பத்துக்கு மூன்று பேர் பரம்பரையாக எல்டிஎல்லை ஏற்றும் ஒரு மாற்றத்தோடு நடமாடுகிறார்கள். அந்தக் கதையை நம்பி எந்த டாக்டராவது "உங்களுக்கென்ன, மீன் சாப்பிடுகிற ஆள்" என்று சோதிக்காமல் விட்டிருந்தால்?

இதற்கு இயற்கைத் தேர்வு காரணமாக இருக்க வேண்டியதில்லை. இன்றைய கிரீன்லாந்துக்காரர்களின் முன்னோர் சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன் அலாஸ்கா பக்கமிருந்து சின்னச் சின்னக் கூட்டமாகக் கிழக்கே நகர்ந்தவர்கள். இன்றைக்கே மொத்தம் 56,000 பேர்தான், நம்மூரில் ஒரு நகராட்சிக்குக் காணாது. தொடக்கக் கூட்டத்தில் இரண்டு பேரிடம் இருந்த எழுத்துப்பிழை பேரன் பேத்திகளில் பலருக்கும் போய்ச் சேர்ந்துவிடும். மீதி 70 சதவீதத்தினரிடம் இது இல்லை. அதனால் "கிரீன்லாந்துக்காரர்" என்ற ஒரு சொல்லை வைத்து எவருடைய கொலஸ்டிராலையும் சொல்ல முடியாது.

#13 லேப் முருகையா

0.54ன்னு எழுதினா நம்மாளுங்க "அரைப்புள்ளிதானே"ன்னு போயிடுவாங்க. வெளிநாட்டு மில்லிமோல 38.67 ஆல பெருக்கினா நம்ம மில்லிகிராம் கணக்கு வரும். 0.54ன்னா கிட்டத்தட்ட 21. எல்டிஎல் 21 ஏறுறது சாதாரணம் இல்ல, அதுவும் பிறந்ததுல இருந்து. துபாய், சிங்கப்பூர் ரிப்போர்ட் எல்லாம் வாட்ஸ்அப்ல அனுப்பி "எனக்குக் கொலஸ்டிரால் வெறும் 5.8, சூப்பர்தானே"ன்னு கேட்டவங்க இருக்காங்க. 5.8ன்னா 224 அய்யா.

எச்டிஎல் பத்தி யாரும் பேசல. தம்பியோட அப்பாவுக்கு 34. அத ஏத்த மருந்து இருக்கா?

#14 மைக்ரோபிப்பெட்

எச்டிஎல்லுக்கு மெக்சிகோ போக வேண்டும் முருகையா அண்ணே.

ஏபிசிஏ1 என்று ஒரு புரதம். செல்லுக்குள் மிஞ்சிய கொலஸ்டிராலை வெளியே தள்ளி எச்டிஎல் வண்டியில் ஏற்றிவிடும் சுமைதூக்கி. அது அடியோடு இல்லாமல் போனால் டான்ஜியர் நோய். முதல் நோயாளிகள் அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் டான்ஜியர் என்ற தீவுப் பிள்ளைகள், தொண்டைச் சதை ஆரஞ்சு நிறத்தில் வீங்கியிருந்தது. மெக்சிகோவில் கண்டது அவ்வளவு கடுமையானது அல்ல. 230-ஆம் இடத்தில் ஆர்ஜினைனுக்குப் பதில் சிஸ்டீன். 2010-இல் வந்த கட்டுரையில் அமெரிக்கக் கண்டங்களின் 36 பழங்குடிக் குழுக்களைப் பார்த்தார்கள், 29 குழுக்களில் இது இருந்தது. ஐரோப்பியர், ஆப்பிரிக்கர், ஆசியர் யாரிடமும் இல்லை. சுமை ஏற்றும் வேலை 27 சதவீதம் குறைகிறது, எச்டிஎல்லும் குறைகிறது. செல்லுக்குள் கொலஸ்டிரால் கொஞ்சம் தங்குவது பஞ்ச காலத்துக்கு உதவியிருக்கலாம், மக்காச்சோள விவசாயம் பரவியதோடு இது சேர்ந்து பரவியிருக்கலாம் என்று ஒரு கருதுகோள் உண்டு. அழகான கருதுகோள், அதனாலேயே நான் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், 2012-இல் மெக்சிகோவில் இளவயதிலேயே இதயத் தமனி நோய் வந்தவர்களை வைத்துப் பார்த்தபோது, இந்த மாற்றம் உள்ளவர்களுக்கு எச்டிஎல் குறைவாக இருந்தும் ஆபத்து கூடவில்லை. குறைவாகவே இருந்தது. எச்டிஎல்லைப் பொறுத்தவரை பசிபிக்கிலும் ஒரு கதை இருக்கிறது. மாவோரி, மற்ற பாலினீசிய மக்களிடம் மட்டும் காணப்படும் ஒரு சிஇடிபி மாற்றம் (எச்டிஎல் வண்டியிலிருந்து கொலஸ்டிராலை இறக்கி வேறு வண்டிக்கு மாற்றும் புரதம் சிஇடிபி) எச்டிஎல்லை ஏற்றி எல்டிஎல்லை இறக்குகிறது, 2023-இல் வெளிவந்தது. சிஇடிபியை மருந்தால் அடக்கி எச்டிஎல்லை ஏற்றிப் பார்த்த டார்செட்ராபிப் என்னவாயிற்று? 2006 டிசம்பரில், மருந்து சாப்பிட்டவர்களில் சாவு கூடுதல் என்று தெரிந்து அப்படியே நிறுத்தினார்கள். எச்டிஎல் ஒரு தகவல், அதை மாத்திரையால் ஏற்றினால் இதயம் காப்பாற்றப்படும் என்பது இதுவரை நிற்கவில்லை. டாக்டர்கள் அதனால்தான் எல்டிஎல்லைக் குறிவைக்கிறார்கள்.

#15 கொழுப்பே துணை

படித்துவிட்டு வந்தேன். சிபிடி1ஏ பற்றி அக்கா சொன்னது சரி, என் பழைய பதிவுகளில் இரண்டைத் திருத்திவிட்டேன். வந்த வழியில் இன்னொன்று கண்ணில் பட்டது. மெக்சிகோ மலையில் தாராஹுமாரா மக்கள் 13 பேரை வைத்து 1991-இல் வந்த ஆய்வு. அவர்களுடைய சோளம், பீன்ஸ் சாப்பாட்டில் கொலஸ்டிரால் 121. ஐந்து வாரம் பணக்கார நாட்டுச் சாப்பாடு கொடுத்தார்கள். 159 ஆகிவிட்டது, எடை 3.8 கிலோ கூடியது. எச்டிஎல்லும் 32-இலிருந்து 42 ஆனது. சோளமும் பீன்ஸும் சாப்பிட்டு எல்டிஎல் 72! இது என் கட்சிக்கு எதிரான சாட்சி, இருந்தாலும் போடுகிறேன்.

#16 லேப் முருகையா

கொழுப்பு தம்பி, உங்க மேல மரியாதை கூடிருச்சு.

#17 மலைச்சாரல்

நீலகிரியிலிருந்து எழுதுகிறேன். பழங்குடிக் கிராமங்களில் சுகாதார வேலை. மரபணு என்றால் எங்கள் பக்கம் முதலில் வருவது அரிவாள் செல், அதாவது ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோய். 1952-இல் லேமன், கட்பஷ் என்ற இருவர் இந்த மலைப் பழங்குடிகளிடம்தான் அதை இந்தியாவிலேயே முதன்முதலாகக் கண்டு எழுதினார்கள். 2023-இல் மத்திய அரசு ஏழு கோடிப் பேரைச் சோதிக்கும் திட்டம் தொடங்கியது. இடையில் 71 வருஷம்.

நான் கேட்க வந்தது வேறு. உம்மன்னாக்கில் ரத்தம் கொடுத்த 130 பேருக்கு யாராவது திரும்பிப் போய் முடிவைச் சொன்னார்களா? எங்கள் கிராமம் ஒன்றில் எனக்குத் தெரிந்து மூன்று தடவை ரத்தம் எடுத்துப் போயிருக்கிறார்கள். எந்த ஆய்வு, எங்கே போனது, ஒன்றும் தெரியாது. நாலாவது தடவை ஒரு குழு வந்தபோது ஒரு பாட்டி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு கேட்டார், "போன தடவை கொண்டுபோனது தீர்ந்துருச்சா?" என்று.

#18 அரைகுறை

பாட்டி கேட்டதுதான் கேள்வி. அரிசோனாவில் கிராண்ட் கேன்யனுக்குள் ஹவாசுபாய் என்ற பழங்குடி. 1990 வாக்கில் நீரிழிவு ஆய்வு என்று சொல்லிப் பல்கலைக்கழக ஆட்கள் ரத்தம் எடுத்தார்கள். அதையே மனச்சிதைவு நோய்க்கும், அவர்கள் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்கும் பயன்படுத்தினார்கள். நாங்கள் இந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்பது அந்த மக்களின் நம்பிக்கை. வழக்குப் போட்டார்கள். 2010-இல் 7 லட்சம் டாலரோடு, மீதியிருந்த ரத்தத்தையும் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். நவஹோ மக்கள் 2002-இலேயே தங்கள் பகுதியில் மரபணு ஆய்வே வேண்டாம் என்று தடை போட்டுவிட்டார்கள்.

#19 மைக்ரோபிப்பெட்

மலைச்சாரல், பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் ஃப்ரீசரிலும் குழாய்கள் இருக்கின்றன. கிரீன்லாந்து எல்டிஎல் விஷயத்தில் ஒரு நல்லது, அதற்கு மருந்து ஏற்கெனவே இருக்கிறது, சோதித்துச் சொன்னால் பயன் உண்டு. சொல்லாமல் கட்டுரை மட்டும் எழுதினால் அது பாட்டி சொன்ன கணக்குதான்.

#20 ஆல்போர் அண்ணை

தங்கச்சி, எங்கட தமிழ்ச் சனத்தின்ர ஜீனும் ஆராவது பாத்தவையோ? இஞ்ச எங்கட ஆக்களில கன பேருக்கு ஐம்பது தாண்டமுந்தியே நெஞ்சு வருத்தம்.

#21 மைக்ரோபிப்பெட்

பார்த்திருக்கிறார்கள் அண்ணை. ஆயிரம் மரபணுத் திட்டம் என்ற உலகத் தொகுப்பில் "இங்கிலாந்தில் வாழும் இலங்கைத் தமிழர்" என்றே ஒரு குழு இருக்கிறது. எஃப்ஏடிஎஸ் கதையின் மறுபக்கமும் நம் பக்கம்தான். 2016-இல் புனேயில் பெரும்பாலும் சைவம் சாப்பிடும் 234 பேரைப் பார்த்தார்கள். நீட்டும் நொதியைச் சுறுசுறுப்பாக்கும் வகை, இரண்டு நகலாக, 68 சதவீதம் பேரிடம். ஒப்பிட்ட அமெரிக்கர்களில் 18 சதவீதம்தான். மீன் கிடைக்காத சாப்பாட்டுக்கு ஏற்ற உடம்பு, இனுயிட்டுக்கு நேர் எதிர்த்திசை. ஆனால் அதே நொதி சமையல் எண்ணெயில் வரும் ஒமேகா-6-ஐயும் நீட்டும். புனேக்காரர் தூத்துக்குடிக்காரர் இல்லை என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

#22 மட்டுறுத்துநர்

இட்லி பற்றிய ஒன்பது பதிவுகளைத் தனி இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். அங்கே தொடருங்கள்.

#23 தாமிரபரணி

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு மொத்த இழையையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் தூங்கிவிட்டார். கிரீன்லாந்து 30 சதவீதம் வந்ததும் எழுந்து உட்கார்ந்து, "அவனுக்கே இருக்கா?" என்றார். ஆல்போர் அண்ணையின் பைபாஸ் நண்பரைப் பற்றி மூன்று தடவை கேட்டார். இன்று காலை மறுபடி டாக்டரிடம் போய் வந்தோம், ஸ்டாட்டின் வாங்கியாயிற்று. மீன் எண்ணெயைத் தூக்கிப்போட மனசில்லை, காசு கொடுத்தது என்று பிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறார். அம்மா வாரம் இரண்டு நாள் சாளைக் குழம்பு வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். மாமா இப்போது ஆளி விதை என்கிறார்.

#24 ஆல்போர் அண்ணை

அந்த மனுசன் சுகமா இருக்கிறார் எண்டு அப்பாட்டச் சொல்லுங்கோ. போன கிழமையும் சந்திச்சனான். திமிங்கிலத் தோலும் கொழுப்பும் சேர்ந்த மத்தாக் கொண்டுவந்து தந்தவர். எனக்குச் சப்பவே ஏலாமல் கிடந்தது.

#25 லேப் முருகையா

தம்பி, மூணு மாசம் கழிச்சு மறுபடி எடுத்துட்டு ரிப்போர்ட்ட இங்க போடுங்க. அப்பாவுக்கு ட்ரைகிளிசரைடு 201, அதனால வெறும் வயித்துலதான் எடுக்கணும். ராத்திரி எட்டு மணிக்கு மேல ஒண்ணும் சாப்பிடக் கூடாது.

#26 தாமிரபரணி

சொல்லிவிட்டேன் அண்ணே. காபி குடிக்கலாமா என்று கேட்கிறார்.

#27 லேப் முருகையா

தண்ணி மட்டும்.